திங்கட்கிழமைக் களவு

போன வாரம் நம் பள்ளிக்கூடக் கூட்டாளிகளின் வாட்ஸப் குழுவில் ஒருத்தி ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தாள். நம் அம்மாமார்களில் பாதிப் பேர் லேபிள் எண்ணப் போன அந்த அச்சுக் கம்பெனி வெளியிட்ட ஆண்டுவிழா மலரின் பக்கம். 'வெளிநாட்டிலிருந்து எண்ணும் இயந்திரம் வரவழைக்கப்பட்டபின் லேபிள் களவு அறவே ஒழிந்தது' என்று அதில் ஒரு வரி. கீழே மாலை போட்டு, சந்தனம் பூசி, அந்த இயந்திரத்தின் படம். அதற்கு நீங்கள் வரிசையாகக் கைதட்டும் பொம்மை போட்டீர்கள். 'பொற்காலம்' என்று ஒருத்தன் எழுதினான். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. உடம்பு சரியில்லையா என்று ஒருத்தி போன் பண்ணிக் கேட்டாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான்.

களவு ஒழிந்ததாம்! எந்தக் களவு, யார் செய்த களவு? அந்தக் களவாணி என்று பேரெடுத்தது என் அம்மா என்பது உங்களில் பல பேருக்குத் தெரியும். அந்த ஆடி மாதம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து போனவளும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அப்போது நமக்குப் பதினோரு வயசு, வீட்டில் சொன்னதைச் செய்தோம். ஆனால் அறுபது தாண்டியும் அதே பொய்க்குக் கைதட்டினால் எனக்குப் பொறுக்காது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

எண்ணுகிற கூடம் ஞாபகம் இருக்கிறதா? தகரக் கூரை, மை வாடை, மிஷின் துடைத்த மண்ணெண்ணெய் வாடை. தரையில் சாக்கு விரித்து இரண்டு வரிசையாக இருபது பெண்கள். வெட்டி வந்த தீப்பெட்டி லேபிளை ஒரு பிடி எடுத்து, விசிறி மாதிரி விரித்து, ஈரத்துணியில் விரலைத் தொட்டு ஐந்தைந்தாகத் தள்ளுவார்கள். நூறு ஆனால் ஒரு புளியங்கொட்டையை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். பத்துக் கொட்டை சேர்ந்தால் ஆயிரம், ஒரு கட்டு. கட்டின்மேல் எண்ணியவளின் பெயர்ச்சீட்டு. முதல் தள்ளலை 'ஒண்ணு' என்று ஒருத்தியும் சொல்ல மாட்டாள். 'லாபம்' என்பாள். லாபம், ரெண்டு, மூணு. களத்தில் நெல் அளக்கிறவர்கள் சொல்கிற அதே வழக்கம்.

என் அம்மா அந்தக் கூடத்தில் முதலில் வருகிறவள். நாரணாபுரத்திலிருந்து நடந்து வந்து, மற்றவர்கள் சாக்கு விரிப்பதற்குள் இரண்டு கட்டு முடித்திருப்பாள். பேசிக்கொண்டே எண்ணுவாள், பிறத்தியார் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டே எண்ணுவாள், தப்பவே தப்பாது. இந்தச் சுறுசுறுப்புதான் அவளுக்கு வினையாக வந்தது.

முதலாளியைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கெட்ட மனுஷன் இல்லை. தீபாவளிக்கு ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் கையாலேயே சேலை எடுத்துக் கொடுப்பார். அந்த வருஷம் வெளியூர்த் தீப்பெட்டிக்காரர் ஒருவர், தன் மாம்பழப் படம் போட்ட லேபிளை எவனோ போலிப் பெட்டியில் ஒட்டி விற்கிறான் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் எறிந்துவிட்டுப் போனார். "லேபிள் உங்க கம்பெனியில இருந்துதான் கசியுது" என்றார். அன்றிலிருந்து முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. சித்திரை முடிந்ததும் பம்பாயிலிருந்து ஒரு பழைய சீமை மிஷின் வந்து இறங்கியது.

பச்சை வண்ணம் அடித்த இரும்புப் பெட்டி. ஒரு உருளை லேபிளை ஒவ்வொன்றாகத் தள்ளும், லேபிள் ஒரு சின்ன விளக்கை மறைத்துக்கொண்டு ஓடும், மறைக்கிற ஒவ்வொரு தடவையும் பெட்டி ஒன்று எண்ணும். முகப்பில் நாலு கண்ணாடிக் குழாய்கள். குட்டித் தம்ளர் அளவு. உள்ளே ஏதோ வாயு அடைத்திருக்கிறது, உடைந்தால் போச்சு என்று கணக்குப்பிள்ளை பயமுறுத்தினார். ஒவ்வொரு குழாயின் தலையிலும் வட்டமாகப் பத்துப் புள்ளி. அதில் ஒன்றில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொறி உட்கார்ந்திருக்கும். லேபிள் ஓடினால் பொறி அடுத்த புள்ளிக்குத் தாவும். ஒரு வட்டம் முடிந்தால் பக்கத்துக் குழாயில் பொறி ஒரு புள்ளி நகரும். ஒற்றை, பத்து, நூறு, ஆயிரம். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இன்றைக்கும் அந்த நிறத்தை எங்கே கண்டாலும் நின்று பார்க்கிறேன்.

இப்போது நம் ஊர்க் கூத்தைக் கேளுங்கள். மிஷின் வந்த முதல் நாள் சாயங்காலம் கணக்குப்பிள்ளை அதை அணைக்கப் போனார். முதலாளியம்மா தடுத்துவிட்டார். "எரியுற வெளக்க யாராவது அணைப்பாகளா? அதுவும் சுழியில நிக்க விட்டுட்டா போவாக? லாபத்துல நிக்கட்டும்" என்றார். அதுவே சட்டமாயிற்று. தினமும் வேலை முடிந்ததும் எண்ணைச் சுழிக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, கொண்டுவந்து, ஒரே ஒரு லேபிளை உள்ளே விடுவார்கள். பொறி ஒன்றில் வந்து நிற்கும். அந்தப் புள்ளிக்கு நேராக ஒரு குங்குமப் பொட்டு. ராத்திரி முழுவதும், ஞாயிறு முழுவதும் அது அங்கேயே எரிந்துகொண்டிருக்கும். கரண்டு போய் வந்தால் வாட்ச்மேன் ஓடிவந்து ஒரு சீட்டை நுழைத்து, பொறியை லாபத்துக்குக் கொண்டுவந்து, கன்னத்தில் போட்டுக்கொள்வார். கம்பெனிக்குள் ஒரு குட்டிச் சாமி குடியேறியது போலத்தான் இருந்தது.

பெண்கள் எண்ணிய கட்டை மிஷினில் விட்டுச் சரிபார்ப்பார்கள். மிஷின் ஆயிரம் என்று காட்டாவிட்டால், ஆயிரம் வரும்வரை லேபிள் சேர்த்துப் பார்சல் போடுவார்கள். யார் கட்டில் எவ்வளவு குறைந்தது என்று கரும்பலகையில் பெயரோடு எழுதுவார்கள். முதல் மாதம் இரண்டு, மூன்று என்று குறைந்தது. அப்புறம் பத்து, பதினைந்து. ஆடி பிறந்தபோது அம்மா பெயருக்கு நேரே முப்பத்தைந்து, முப்பத்தெட்டு என்று நின்றது.

முதல் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போனேன். வழக்கமாக வாசலிலேயே பேச்சும் சிரிப்பும் கேட்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. கரும்பலகைக்கு முன்னால் அம்மா நின்றிருந்தாள். எதிரே நாற்காலியில் முதலாளி.

"இந்தா பாரும்மா. எல்லார் கட்டுலயும் குறையுது, இல்லைங்கல. ஆனா ஒன் கட்டுலதான் எப்பவும் கூடக் குறையுது. அம்புட்டு லேபிளும் எங்க போகுது?"

"நான் எண்ணுனது ஆயிரம் மொதலாளி."

"மிசினு தொள்ளாயிரத்து அறுவத்தஞ்சுங்குதே?"

"அப்ப மிசினு எண்ணுனதுதான் தப்பு."

கணக்குப்பிள்ளை சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "சீமையில இருந்து வந்த மிசினும்மா. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"எனக்குந்தான் தெரியாது" என்றாள் அம்மா. பிறகு கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, ஒங்க நோட்டுல பாத்துச் சொல்லுங்க. போன திங்கக்கிழமை காலையில என் மொதக் கட்டுல எம்புட்டுக் குறைஞ்சுச்சு?"

"முப்பத்தெட்டு."

"அன்னைக்குச் சாயங்காலம்?"

"ஒம்போது."

"சனிக்கிழமை சாயங்காலம்?"

கணக்குப்பிள்ளை பக்கத்தைப் புரட்டி, கொஞ்சம் தயங்கி, "நாலு" என்றார்.

"பாத்துக்கோங்க மொதலாளி. களவாணி திங்கக்கிழமை காலையில மட்டுமா களவாங்குவா? பொழுது சாஞ்சா அவளுக்குப் புத்தி வந்துருமாக்கும்? காலையில மொதக் கட்டு என்னோடது, அதனால எனக்குக் கூடக் குறையுது. நாளைக்கு வேற ஒருத்திய மொதல்ல எண்ணச் சொல்லுங்க, அவ பேருக்கு அந்த முப்பத்தஞ்சு வரும்."

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? படித்தவர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள், இருவர் காதிலும் ஏறவில்லை. "மிசினுக்கு என்னம்மா காலையும் மாலையும்? அது சோம்பல் முறிச்சுக்கிட்டா எந்திரிக்குது?" என்றார் முதலாளி. பிறகு தணிந்த குரலில் தீர்ப்பைச் சொன்னார். "நான் ஒன்ன போலீஸ், கேசுன்னு இழுக்கல. இருக்கன்குடி ஆத்தா சன்னதியில சூடத்த அணைச்சு, எடுக்கலன்னு சத்தியம் பண்ணிட்டு வா. நான் நம்புறேன். அதுவரைக்கும் வேலைக்கு வர வேணாம்."

நம் பக்கத்தில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்குமேல் பேச்சே கிடையாது. அவர் கருணை காட்டியதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். அம்மா ஈரத்துணியில் கையைத் துடைத்தாள்.

"குறையுதுன்னு சொன்னது மிசினு. மொதல்ல அதக் கூட்டிட்டுப் போயி சூடத்த அணைக்கச் சொல்லுங்க மொதலாளி. பின்னாலேயே நானும் வாரேன்."

சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

வீட்டில் அய்யாவுக்கு (எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்) முதல் தடவையாக அம்மாமேல் கோபம் வந்தது. அவருக்குத் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் மருந்து மினுங்கும். "நீதான் எடுக்கலையே. பொறவு என்ன பயம்? ஒரு எட்டுப் போயி அணைச்சிட்டு வந்துரு. ஊரு சிரிக்குது" என்றார்.

"பயமில்ல. இன்னைக்கு நான் அணைச்சா நாளைக்கு ஒவ்வொருத்தியும் அணைக்கணும். எண்ணுறதுதான் எங்க வேல. தெனமும் சத்தியம் பண்ணுறது இல்ல."

சொந்தக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். திமிர் பிடித்தவள் என்றார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் சத்தியத்துக்குப் பயப்படுகிறாள் என்று முற்றத்தில் நின்று அவள் காதுபடப் பேசினார்கள். நானும் ஒருநாள் அழுதுகொண்டே கேட்டேன், "பண்ணிரும்மா, பள்ளிக்கூடத்துல களவாணி மகள்னு சொல்றாக" என்று. அவள் என் தலையைத் தடவினாள்.

அடுத்து நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. ஒருநாள் மத்தியானம், அம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரம், நான் வீட்டில் லேபிளைத் தேடினேன். டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கைவிட்டேன். சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தேன். என்னைப் பெற்றவளை நானே நம்பவில்லை, போதுமா? தலையணை உறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் தட்டியது. இடுப்பில் குடத்தோடு அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"நல்லாத் தேடு தாயீ" என்றாள். "அடுப்படியில இன்னும் பாக்கல நீ."

கோபமே இல்லாமல் சொன்னாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு முகம் எரிகிறது.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடித் திருவிழா. கம்பெனி நாலு நாள் அடைப்பு. ஊரே வண்டி கட்டிப் போனது. அய்யாவும் போனார். அம்மா போகவில்லை, போனால் சத்தியம் பண்ணத்தான் வந்தாள் என்பார்கள் என்று. அந்த நாலு நாளும் பூட்டிய கூடத்துக்குள் பொறி லாபத்திலேயே எரிந்தது. திறந்த அன்று கட்டை உள்ளே விட்டால், பொறி துடிக்கிறதே ஒழிய அந்தப் புள்ளியை விட்டு அசையவில்லை. எத்தனை லேபிள் ஓடினாலும் ஒன்று.

பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்து எண்ணுகிற அக்கா ஓடிவந்து சொன்னாள்: "மிசினு செத்துப் போச்சுக்கா! ஆத்தா கேட்டுட்டா பாத்தியா!"

"ஆத்தாளுக்கு லேபிள் எண்ணுறதா வேல? அத எங்க கொண்டு போயிருக்காக?" என்றாள் அம்மா.

"விருதுநகருக்கு. ரேடியோ ரிப்பேர் பாக்குறவருகிட்ட."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் விருதுநகரில் இறங்கினோம். பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று நான் அடம்பிடித்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கடை. வயிறு பிளந்த ரேடியோக்கள் சுவர் முழுவதும். ரேடியோக்காரர் பட்டாளத்தில் வேலை பார்த்தவர், மீசையும் விறைப்பும் அப்படியே இருந்தன. மேஜைமேல் நம் மிஷினின் மண்டை மட்டும் மூடி கழற்றிக் கிடந்தது.

"என்னம்மா, ரேடியோவா?"

"இல்ல அண்ணாச்சி. அந்த மிசினப் பாக்க வந்தேன். அது என்னப் பத்திப் பொய் சொல்லிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "இது முடிஞ்ச கேசும்மா. குழாய் போச்சு. மெட்ராஸ்லயும் கெடைக்காது. எடைக்குப் போட்டுருங்கன்னு ஒங்க மொதலாளிக்குச் சொல்லிவிடப் போறேன்."

"போட்ராதீக அண்ணாச்சி!" அம்மா குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அது பொழைச்சு வந்து உண்மையச் சொன்னாத்தான் எனக்குப் பேரு. செத்துப் போச்சுன்னா, அது கடைசியாச் சொன்னதுதானே நிக்கும்?"

அவர் ஸ்டூலை அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே திங்கட்கிழமைக் கதையைச் சொன்னாள். காலையில் அதிகம், சாயங்காலம் கம்மி, ஞாயிறு கழிந்தால் ரொம்ப அதிகம், நாலு நாள் அடைப்புக்கு அப்புறம் மொத்தமாக நின்றுபோனது. "ஓடினா தேறுது, நின்னா கெடுது. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

ரேடியோக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "சாயங்காலம் அணைக்கிறது இல்லையா?"

"அணைக்க மாட்டாக. லாபத்துல எரிய விட்டுட்டுப் போவாக."

"அடப்பாவிகளா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "ஒரே புள்ளியில நாள் கணக்கா எரிஞ்சா, பக்கத்துப் புள்ளிக் கம்பியில எல்லாம் அழுக்குப் படிஞ்சு போகும்மா. பொறி அங்கன கால் வைக்காது, லேபிள் ஓடினாலும் எண்ணு ஏறாது. வெளக்குன்னா நெனச்சாக இத?"

அப்புறம் அவர் செய்த வேலை இருக்கிறதே, அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்பட்டது. குழாய்களை மெதுவாகப் பிடுங்கி, கால்களைப் பெட்ரோலில் துடைத்து மறுபடி மாட்டினார். பொறிக்குக் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்க ஏதோ ஒரு பாகத்தை மாற்றினார். எண்ணுவதற்கு லேபிள் வேண்டுமே? கடை மேஜை விசிறியை எடுத்து வெளிச்சத்தைப் பார்க்கும் மிஷினின் கண்ணுக்கும் விளக்குக்கும் நடுவில் வைத்துச் சுழலவிட்டார். விசிறி இலை ஒவ்வொன்றும் வெளிச்சத்தை மறைக்கும், ஒவ்வொன்றும் ஒரு எண். முதலில் பொறி ஒன்றிலேயே நடுங்கியது. பிறகு ஒரு தாவு தாவி, மறுபடி பின்வாங்கியது. அரைமணி நேரத்தில் விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. கடைக்கு வந்த ஒருவர், "என்ன அண்ணாச்சி, நாங்க வேர்த்து வடியுறோம், மிசினுக்கு விசிறி போட்டிருக்கீக?" என்றார். "ஒமக்கு அங்கன திண்டுல காத்து வரும், போய் ஒக்காரும்" என்று விரட்டிவிட்டார்.

மூன்று நாள் போனோம். விசிறி இரவும் பகலும் ஓடியது. பத்து, நூறு, ஆயிரம் மூன்றும் முதல் நாளே வழிக்கு வந்துவிட்டன. ஒற்றைக் குழாய் மட்டும் முரண்டு பிடித்தது. வேகமாக ஓடும்போது ஆரஞ்சு வளையம் முழுசாகத் தெரியும், எனக்கு ஒரு குறையும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்தது. விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, இலையை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "ஒண்ணுல இருந்து நகர ரெண்டு தட்டு வாங்குது அண்ணாச்சி. நாப்பது சுத்துக்கு ஒருக்கா" என்றாள். அவர் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார், அவருக்குத் தப்பியது. இரண்டாம் தடவை பிடிபட்டது. அப்புறம் எது செய்தாலும், "பாரும்மா" என்று அவளைக் கூப்பிட்டுவிட்டுத்தான் செய்தார். மூன்றாம் நாள் இரண்டு ஒயரை இடம் மாற்றினார். பொறி எதிர்ப்பக்கமாக ஓடியது. நாலு மணி நேரம் அப்படி ஓடவிட்டு, பழையபடி மாற்றினார்.

என் மகள் இப்போது போனில் ஒரு வீடியோ காட்டினாள். வெளிநாட்டில் இந்தக் குழாய்களைத் தேடி வாங்கி, உயிர் கொடுத்து, அலங்காரத்துக்கு ஓடவிடுகிறார்களாம். நாள் கணக்கில் ஓடவிட்டால்தான் தேறும் என்று ஒரு வெள்ளைக்காரர் விளக்கினார். எங்க அம்மா இதை எழுதப் படிக்கத் தெரியாமலே கண்டுபிடித்தாள் என்று போனைப் பார்த்து நான் கத்தினேன். மகள் பயந்துவிட்டாள்.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா முந்தானையிலிருந்து பத்துப் புளியங்கொட்டையை அவிழ்த்தாள். எண்ணைச் சுழியில் வைக்கச் சொன்னாள். விசிறி இலையை விரலால் தள்ள ஆரம்பித்தாள். லாபம், ரெண்டு, மூணு. நூறுக்கு ஒரு கொட்டை. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்து நின்றார்கள். ஐந்நூறுக்குமேல் அவள் விரல் சிவந்துவிட்டது, கையை மாற்றிக்கொண்டாள். பத்தாவது கொட்டையை வைத்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தாள். ஆயிரத்துக் குழாயில் ஒன்று, மற்ற மூன்றிலும் சுழி. ரேடியோக்காரர் எழுந்து நின்றார். பட்டாளத்துக்காரர் எதற்கு எழுந்து நிற்பார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"நானே வந்து ஒங்க மொதலாளிகிட்டச் சொல்லுறேம்மா" என்றார்.

"ராத்திரியில அணைக்கணும்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. என்னப் பத்தி நீங்க சொல்ல வேணாம். அது சொல்லட்டும்."

திங்கட்கிழமை காலை மிஷின் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. அம்மாவும் போய் நின்றாள். வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடப் பையோடு வாசலைத் தாண்டாமல் நின்றேன். ரேடியோக்காரர் ஒரு கட்டை எடுத்து விடச் சொன்னார். ஆயிரம். அடுத்தவளுடையது ஆயிரம். மூன்றாவது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. "அய்யோ, நடுவுல தும்முனேன்" என்றாள் அதை எண்ணியவள், கூடமே சிரித்தது. பிறகு அம்மா ஒரு மூலையைக் காட்டினாள். மிஷின் கெடுவதற்கு முன் அதுவே ஆயிரம் என்று சொல்லிக் கட்டிய பார்சல் அங்கே கிடந்தது. "அதயும் விடுங்க."

ஆயிரத்து முப்பத்தொன்று.

முதலாளி மறுபடி விடச் சொன்னார். ஆயிரத்து முப்பத்தொன்று. அவர் முகம் வெளிறிப்போனதை நான் வாசலிலிருந்தே பார்த்தேன். மூன்று மாதமாகப் போன கட்டுகளில் எத்தனையோ கட்டில், குறைகிறது என்று தானே அள்ளிச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். அதிகமாக வந்தது என்று வாங்கியவர்களில் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அதற்கு முந்தி கசிந்தது எப்படியோ, அந்த மூன்று மாதம் லேபிள் கசிந்தது அந்தக் குங்குமப் பொட்டு வைத்த மிஷின் வழியாகத்தான். மலரில் இதைப் போடுவார்களா?

"சரி, மிசின்ல கோளாறு" என்றார் முதலாளி. "போகட்டும். லோடு வண்டி வந்து நிக்குது, எல்லாரும் வேலையப் பாருங்க. நீயும் ஒக்காரும்மா."

அம்மா உட்காரவில்லை. "நான் எடுத்தேன்னு இத்தன பேரு முன்னால சொன்னீக. எடுக்கலன்னும் இவுக முன்னால சொல்லுங்க."

"அதான் மிசின்ல கோளாறுன்னு சொல்லிட்டனே?"

"மிசினப் பத்தி நான் கேக்கல மொதலாளி."

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். உள்ளே லேபிள் சரசரப்பு நின்றுபோயிற்று. தும்மியவள்தான் முதலில் கையை மடியில் வைத்தாள். பிறகு பக்கத்துச் சாக்கு அக்கா. ஒருத்தர் ஒருத்தராக இரண்டு வரிசையும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. உங்கள் அம்மாமாரும் அதில் இருந்தார்கள், இதைப் படிக்கிற உங்களில் சில பேருடைய அம்மாமார். அதற்குக் கைதட்டுங்கள், நானும் தட்டுகிறேன். ஹாரன் மறுபடி அடித்தது. முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ எடுக்கல" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க. வாசல் வரைக்கும் கேக்கணும்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "இந்தப் பொம்பள ஒரு லேபிள்கூட எடுக்கல. நான் சொன்னதுதான் தப்பு!" என்றார். தகரக் கூரையில் பட்டு எதிரொலித்தது.

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா ஒனக்கு?"

"கேட்டுச்சும்மா" என்றேன்.